நடைபாதையும் நின்ற வண்டியும்



வீதியின் இருமருங்கிலும் ஓரக்கல் கட்டி, வண்டித்தடத்தினின்றும் ஒரு சாண் உயர்த்தி அமைக்கப்பட்ட நடைபாதையை இன்று உலகின் பெருநகரங்களிலெல்லாம் காண்கிறோம். அது என்றும் இருந்தது போலவே நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அது நடப்போர் கேட்டுப் பெற்ற ஒன்று. பெற்றதை அவர்கள் மீண்டும் இழக்கலாயினர். இழந்தது ஓடும் வண்டியிடமன்று, நிற்கும் வண்டியிடம். இலண்டன் மாநகரின் வரலாற்றைக் கொண்டு இச்செய்தியை இன்று ஆராய்வோம்.

1762ஆம் ஆண்டுக்கு முன்னர், இலண்டனின் மேற்குப் பகுதியாகிய வெஸ்ட்மின்ஸ்டரில் தெருவுக்குக் கல் பாவும் பொறுப்பு அவ்வவ் வீட்டுக்காரருடையதாயிருந்தது. தத்தம் வாயிலுக்கு நேரேயுள்ள நிலத்தை அவரவரே செப்பனிடவேண்டும். செல்வர் நல்ல கல் பதிப்பித்தார். வறியவர் கிடைத்த கல்லைப் போட்டார். சோம்பேறி ஒன்றுமே செய்யவில்லை. எனவே ஒரு வாயில் மேடாகவும் அடுத்த வாயில் பள்ளமாகவும் கிடந்தன. தெருவின் நடுவே சாக்கடை ஓடியது. நடந்து செல்வோருக்கு இருந்த காவலெல்லாம் ஓரமாக நட்டிருந்த மரத்தூண்களே. வண்டி வரும்போது தூணுக்கு அப்பால் ஒதுங்கி நின்று, அது தெளித்த சேற்றையும் பெற்றுக்கொண்டு போகவேண்டியதுதான்.

இந்நிலையை மாற்ற ஜோன் ஸ்பிராங்கர் என்பவர் 1754ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வெளியிட்டார். ஜோனாஸ் ஹான்வே என்னும் வணிகர் அதனை ஆதரித்து எழுதினார். இலண்டன் தெருக்களிலே துணிந்து குடைபிடித்து நடந்த முதல் ஆடவர் என்று பெயர் பெற்றவர் இந்த ஹான்வே. அவரை மிகுதியும் ஏசியவர்கள் வாடகை வண்டிக்காரர் என்பர். மழை பெய்தாற்றானே நடப்பவர் வண்டியேறுவர்! அத்தகைய ஒருவர் நடப்போர் பக்கம் நின்று வாதிட்டது பொருத்தமே.

1762இல் பாராளுமன்றம் வெஸ்ட்மின்ஸ்டர் பாவுகற் சட்டத்தை இயற்றியது. வீட்டுக்காரரின் பொறுப்பு ஆணையாளர் சபையொன்றின் கைக்கு மாறியது. வரி வாங்கி, ஒரே சீராகக் கல் பாவி, நடுச்சாக்கடையை நீக்கி ஓரங்களில் வடிகால் அமைத்து, நடப்போருக்கென உயர்ந்த பாதை கட்டினர். பழைய இலண்டன் நகரமும் 1766இல் இவ்வழியைப் பின்பற்றியது. பிறநாட்டிலிருந்து வந்தோர் இலண்டனிற் கண்ட புதுமைகளுள் இதனையும் ஒன்றாகக் குறித்தனர். இச்சட்டத்தின் உட்பொருளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். வீட்டு வாயிலுக்கு முன்னுள்ள நிலம் வீட்டுக்காரரின் பொறுப்பு என்ற எண்ணம் போய், அது வழிச்செல்வோர் அனைவர்க்கும் பொது என்ற எண்ணம் அன்று கல்லிலே பதிக்கப்பட்டது. எனினும் மனிதரின் மனத்திலே அது அவ்வளவு எளிதிற் பதியவில்லை.

அந்நாளிற் செல்வர் வீட்டுக் குதிரை வண்டிகள் எங்கே நின்றன? வாயிலில் வந்து இறக்கிவிட்டு அவை போய்விடும். பெருமனைகளின் பின்புறத்தே சிறு சந்து ஒன்று அமைத்து, அதிலே இலாயமும் வண்டிக்கொட்டகையும் மேலே வண்டியோட்டியின் அறையும் கட்டினர். அச்சந்துகளுக்கு ‘மியூஸ்’ என்று பெயர். இப்பெயருக்கு ஒரு கதையுண்டு. சாரிங் குறொஸ் என்னுமிடத்தில் அரசரின் வேட்டை வல்லூறுகள் இறகு உதிர்க்குங் காலத்தில் அடைத்து வைக்கப்பட்ட மனை ஒன்று இருந்தது, அதுவே மியூஸ். 1534இல் அரச குதிரை இலாயம் ஒன்று எரிந்துபோனபின் பறவைகளின் மனை குதிரைகளுக்காயிற்று. பெயர் மாத்திரம் ஒட்டிக்கொண்டது. இன்று அவ்விடத்திலே திரபல்கர் சதுக்கம் விளங்குகிறது. பெயர் எவ்வாறாயினும், வண்டி வைத்திருப்பவன் அதற்கு இடமும் வைத்திருக்கவேண்டும் என்பது அந்நகரமைப்பிலே அடங்கியிருந்த விதி.

அதே சாரிங் குறொஸ் அருகே, பயணிகளுக்காகக் காத்து வண்டிகளை நெடுநேரம் தெருவில் நிறுத்திய குறொஸ் என்னும் வண்டி முதலாளிமீது 1812இல் வழக்கு நடந்தது. தலைமை நீதியரசர் எலன்பரோ பிரபு தெளிவாகத் தீர்ப்புரைத்தார். பயணிகளை ஏற்றவும் இறக்கவும் நியாயமான நேரம் நிற்கலாம். அதற்குமேல் அரசரின் பெருவீதியை எவரும் தமது இலாய முற்றமாக்கிக்கொள்ளல் ஆகாது என்பது அவர் தீர்ப்பின் கருத்து. வீதி செல்வதற்கு உரியது, வைப்பதற்கு உரியதன்று என்னும் கோட்பாடு இதிலே அடங்கியுள்ளது.

ஆயின் 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தை எழுதியோர் நடைபாதையை வேறு பகைவரிடமிருந்து காக்க நினைத்தனர். நடைபாதைமேற் குதிரை, கழுதை, செம்மறியாடு, பன்றி முதலியவற்றை ஓட்டிச் செல்லுதல் குற்றம்; எவ்வகை வண்டியையும் ஓட்டிச் செல்லுதல் குற்றம்; வீதியில் விலங்குகளைக் கட்டிவைத்தலுங் குற்றம்; தண்டம் 40 ஷில்லிங் வரை. பன்றியைக்கூட மறவாத அச்சட்டம், நடைபாதைமேல் வண்டியை நிறுத்திவைத்தல் என்ற ஒன்றைத் தனிக் குற்றமாகச் சொல்லவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுதல் தகாது. குதிரையின்றி நிற்கும் வண்டி இரவெல்லாம் நடைபாதையிற் கிடக்கும் என்று 1835இல் யார்தாம் கனவு கண்டிருப்பார்?

மோட்டார் வண்டி வந்தது. 1950இல் பிரித்தானியாவில் ஏறக்குறைய 20 இலட்சமாக இருந்த சொந்தக் கார்கள் 1970இல் ஒரு கோடியைக் கடந்தன. இவற்றை வாங்கியோர் பலருக்குப் பின்புறச் சந்தும் இல்லை, கொட்டகையும் இல்லை. தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட விக்டோரியா காலத்து வீடுகளின் வாயில் நேரே நடைபாதையிலேதான் திறக்கும். மியூஸ் சந்துகளோ அதற்குள் விலையுயர்ந்த குடியிருப்புகளாக மாறலாயின. நகர நடுவில் 1958ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள் மேபெயர்ப் பகுதியிலே கட்டணப்பொறிகள் நடப்பட்டன. ஒரு மணி நேரத்துக்கு 6 பென்சு. 1960இல் அவற்றை மேற்பார்வை செய்யப் போக்குவரத்துக் காவலரும் வந்தனர். அவர்கள் எழுதிய முதற் சீட்டு, மாரடைப்பு நோயாளியைக் காண ஓடிவந்த வைத்தியர் ஒருவரின் காருக்கு எழுதப்பட்டது என்பர். மக்கள் கொதித்தெழவே தண்டம் விலக்கப்பட்டது. பொறி நட்ட இடத்தில் ஒழுங்கு வந்தது உண்மை. குடியிருப்புத் தெருக்களிலோ பொறியுமில்லை, காவலருமில்லை.

அங்கே நிகழ்ந்ததைக் கேளுங்கள். தெருவோ ஒடுக்கம். இருபுறமும் கார்கள் நின்றால் நடுவே தீயணைப்பு வண்டி செல்ல இடமில்லை. ஆகவே கார்க்காரர் இரண்டு சில்லுகளை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தினார். அவர் கெட்டவரல்லர், ஏனைய வண்டிகளுக்கு வழிவிடும் நல்லெண்ணத்தினாலேயே அவ்வாறு செய்தார். அந்த நல்லெண்ணத்தின் விலையைக் கொடுத்தவர் வேறொருவர். கைக்கோலால் ஓரக்கல்லைத் தடவிச் செல்லும் பார்வையற்றவர், கோலின் நுனி இரும்பிலே முட்ட, வண்டிகள் ஓடும் நடுத்தெருவில் இறங்கவேண்டியதாயிற்று. குழந்தை வண்டி தள்ளும் தாயும், சில்லு நாற்காலியில் வருபவரும் அவ்வாறே. பின்னையவர் பலமுறை இறங்கவும் இயலாது திரும்பிப்போனார். மனிதர் காலடிக்கென்று பதித்த கற்பலகைகள் வண்டியின் பாரத்தால் வெடித்தன. அவற்றில் இடறி முதியோர் விழுந்தனர்.

பொலிசாரிடம் முறையிட்டால்? 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓட்டிச் சென்றதே குற்றம். ஓட்டியதைக் கண்டவர் யார்? வழிமறித்தல் என்ற பொதுக் குற்றம் உண்டெனினும், அதனை ஒவ்வொரு காருக்கும் தனித்தனியே நிறுவவேண்டும். விடியலில் நூறு கார்கள் நிற்கும் தெருவில் இது நடக்கக்கூடிய செயலா?

1974ஆம் ஆண்டில் இரு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, இலண்டன் பெருநகர சபைக்கென இயற்றப்பட்டது; நடைபாதைமேல் ஒரு சில்லேனும் பட வண்டி நிறுத்துதல் குற்றம் என்றது. ஒடுங்கிய தெருக்களுக்கு விலக்களிக்க உள்ளூர்ச் சபைகளுக்கு அதிகாரமும் கொடுத்தது. மற்றையது நாடு முழுவதற்குமான வீதிப் போக்குவரத்துச் சட்டம். அதிலும் இத்தகைய தடை ஒரு பிரிவாக அமைந்திருந்தது. ஆனால் அப்பிரிவு நடைமுறைக்கு வருவதற்கு அமைச்சரின் கட்டளை வேண்டும். விலக்குத் தெருக்களை அளந்து பலகை நடுவதற்கு உள்ளூர்ச் சபைகளுக்குப் பெருஞ்செலவாகும் என்று காரணங் காட்டி, ஓரமைச்சர் பின் ஓரமைச்சராக அக்கட்டளையை ஒத்திப்போட்டனர். ஒருநாளும் உயிர்பெறாமலே அப்பிரிவு பின்னர்ச் சட்ட ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒரே ஆண்டிற் பிறந்த இரட்டையருள் ஒன்று வாழ்ந்தது, ஒன்று கண்விழிக்காமலே மாண்டது. செலவைக் கணக்கிட்டவர்கள், நடப்போர் அதுவரை கொடுத்து வந்த செலவைக் கணக்கிற் சேர்க்கவில்லை என்பதே என் கருத்து.

இதே சிக்கலை யப்பானியர் வேறு முனையிலிருந்து அணுகினர். அங்கே 1962ஆம் ஆண்டில் வந்த சட்டம், காரை எங்கே நிறுத்தாதே என்று மாத்திரம் சொல்லாமல், எங்கே வைக்கப்போகிறாய் என்று முதலிற் கேட்டது. வீட்டுக்கு அண்மையில், தெருவல்லாத ஓரிடம் தமக்குண்டு என்று காட்டிப் பொலிசாரின் சான்றிதழ் பெற்றாலன்றிக் காரைப் பதிவுசெய்ய இயலாது. இரவிலே தெருவின் ஒரே இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் விட்டுவைத்தலுங் குற்றம். டோக்கியோ நகரின் குடியிருப்புச் சந்துகள் பலவற்றில் உயர்த்திய நடைபாதையே கிடையாது. ஆயினும் நிற்கும் வண்டி இல்லாமையால் அங்கே முதியோருஞ் சிறாரும் நடக்கின்றனர். பழைய மியூஸ் சந்தின் விதியை யப்பானியர் சட்டமாக எழுதினர் என்று சொன்னால் மிகையாகாது.

பிரித்தானியாவில் இலண்டனுக்கு வெளியே நெடுங்காலம் வாதமே நிகழ்ந்தது. ஸ்கொத்லாந்தே முந்திக்கொண்டது. அதன் பாராளுமன்றம் 2019இல் இயற்றிய போக்குவரத்துச் சட்டம் நடைபாதைமேல் வண்டி நிறுத்துதலைத் தடுத்தது. ஓரக்கல் தாழ்த்தப்பட்ட கடவைகளை அடைத்து நிறுத்துதலையும் அது தடுத்தது. 2023 டிசெம்பரில் அவ்வதிகாரம் உள்ளூர்ச் சபைகளின் கைக்கு வந்தது. எடின்பரோ மாநகரசபை 2024 சனவரி இறுதியில் அதனை முதன்முதலாக நடைமுறைப்படுத்தியது. வெஸ்ட்மின்ஸ்டர்த் தெருக்களில் ஆணையாளர் ஓரக்கல் நாட்டத் தொடங்கி அப்பொழுது 262 ஆண்டுகளாகியிருந்தன.