மஞ்சப்பைக்குள் ஒரு வெள்ளை மாத்திரை

கோவில்பட்டிக்குச் சுற்றுப்பட்ட கிராமங்களில், ஐம்பதைத் தாண்டியவர்கள் உள்ள வீட்டில் ஆணியில் ஒரு மஞ்சப்பை மாட்டியிருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும் கீழே இறங்கும் பை. உள்ளே ஓபி சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள், மடங்கிப்போன எக்ஸ்ரே, ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். அந்த அட்டைகளில் பெரும்பாலும் மெட்பார்மின் ஒன்று இருக்கும். ஊரில் அதற்குச் சுகர் மாத்திரை என்று பெயர். இந்தக் கரிசல் காட்டுக்கு அது வந்து சேர ஏறக்குறைய நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

அதன் பூர்வீகம் ஐரோப்பாவில் கலீகா என்ற செடியில் தொடங்குகிறது. அந்தச் செடியில் உள்ள ஒரு பொருளை ஒட்டி ஆராய்ந்துபோனவர்களுக்கு, அந்த வகைச் சேர்மங்கள் ரத்தச் சர்க்கரையைக் குறைப்பது தெரியவந்தது. 1922இல் டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் மெட்பார்மினை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். இன்சுலின் வந்திருந்த நேரம் அது. இதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிலிப்பைன்ஸில் யூசெபியோ கார்சியா என்ற மருத்துவர் 1940களின் இறுதியில் இதை இன்புளுயன்சா காய்ச்சலுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1957இல் பாரிஸில் ழான் ஸ்டெர்ன்தான் இதைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாக நிறுத்தினார்.

பிறகு ஒரு பெரிய சறுக்கல். இதே குடும்பத்து மருந்தான பென்பார்மின், ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிர்களைப் பறித்தது. 1970களின் இறுதியில் பல நாடுகள் அதை நிறுத்தின. பழி மெட்பார்மின் மேலும் விழுந்தது. அமெரிக்கா இதற்கு அனுமதி கொடுத்தது 1994 டிசம்பரில்தான். அடுத்த மாதமே, 1995 ஜனவரியில், இங்கே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வேலையைத் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு அது. விலையுள்ள மாத்திரை ஏழைக்கு இலவசமாகக் கிடைக்கும் பாதை அப்படித்தான் போடப்பட்டது.

கடைசிக் கட்டத்தை முடித்து வைத்தது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். சுகாதாரத் தன்னார்வலராக வரும் பெண் வாசலிலேயே பிரஷர் பார்த்து, சுகர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். தீப்பெட்டி ஆபீசுக்கு ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும் என்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று வெளியூர்க்காரர்களுக்கு முழுதாக விளங்காது.

ஆனால் பைக்குள் விழுந்த பிறகு அந்த மாத்திரை தனியாக இல்லை. பக்கத்தில் பிரஷர் மாத்திரை இருக்கிறது. மயக்கம் வந்த ஒரு நாளில் தனியார் கிளினிக்கில் எழுதிக்கொடுத்த இன்னொரு சுகர் மாத்திரை இருக்கிறது. பெயர் வேறு, உள்ளே இருக்கும் இரண்டு மருந்துகளில் ஒன்று அதே மெட்பார்மின். உட்கார்ந்தே வேலை பார்த்து மூட்டு தேய்ந்ததற்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோபினாக் இருக்கிறது. கத்தரித்த அட்டையில் மருந்தின் பெயர் பாதி போயிருக்கும், காலாவதித் தேதி முழுதாகப் போயிருக்கும்.

மருத்துவ மாணவர் இந்தப் பையைத் திறக்க எங்கே கற்றுக்கொள்கிறார்? மருந்தியல் பாடத்தில் மெட்பார்மின் தனிப் பத்தி, வலி மாத்திரை வேறு அத்தியாயம், காசநோய் மருந்து இன்னொரு அத்தியாயம். இறுதித் தேர்வில், ஒரு நோயாளியை முழுதாகப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸில், இதய வால்வு சுருங்கியவர், ஒரு பக்கம் வாதம் வந்தவர், கல்லீரல் கெட்டவர் என்று ஒரே உறுப்பின் கதையாகச் சொல்லி முடிக்கக்கூடியவர்களையே தேடி வைப்பார்கள். சுகர், பிரஷர், ரத்தசோகை, மூட்டுவலி நான்கும் உள்ள கிழவியை அங்கே யாரும் விரும்புவதில்லை. மாணவர் டாக்டராகி ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்காரும் முதல் நாள் வரிசையில் முன்னால் நிற்பவர் அந்தக் கிழவிதான். இந்த இடைவெளி என்னை மிகவும் வருத்துகிறது.

அந்தக் கிழவி அபூர்வமான ஆள் இல்லை. 2012இல் ‘லான்செட்’ இதழில் கேரன் பார்னெட் குழுவினர், ஸ்காட்லாந்தில் பதினேழரை லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து எழுதினார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் வசதியான பகுதிகளைவிட 10 முதல் 15 வருஷம் முன்பாகவே ஒரே ஆளுக்குப் பல நோய்கள் சேர்ந்துவிடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். மானாவாரி வெள்ளாமையையும் கூலி வேலையையும் நம்பிய ஊர்களை அறிந்த எவருக்கும் இது புதுச் செய்தியாக இராது.

இப்படிப் பல நோய் சேர்ந்த உடம்பில், கால் எரிச்சல் என்ற ஒரே ஒரு தொந்தரவை எடுத்துக்கொள்வோம். சர்க்கரை நோயில் நரம்பு கெட்டால் எரிச்சல் வரும். பல வருஷம் மெட்பார்மின் சாப்பிட்டால் பி12 சத்து குறைந்தும் அதே எரிச்சல் வரும். காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுகிறவருக்குப் பி6 கொடுக்காவிட்டாலும் வரும். ஒரு நோயை மட்டும் படித்தவர் ‘சுகர் கூடியிருக்கு’ என்று மாத்திரையை ஏற்றிவிடுவார். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம் என்பதும் அவருக்கு நினைவில் வராது. மெட்பார்மின் சிதையாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. சிறுநீரகம் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். அந்தச் சிறுநீரகத்தைத்தான் பக்கத்தில் இருக்கும் வலி மாத்திரை அரித்துக்கொண்டிருக்கிறது. கூடவே பிரஷரையும் ஏற்றிவிடுகிறது.

பையில் உள்ளதை இப்படிச் சேர்த்துப் பார்க்கக் கற்க ஒரு வழி இப்போது திறந்திருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2021-22இல் சேர்ந்தவர்களிலிருந்து குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் வருஷத்திலிருந்தே ஒவ்வொரு மாணவரும் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். இதை உயரம், எடை எழுதும் வேலையாக முடித்துவிட்டால் பாவம். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடியில் 2000இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் ஒரு பெண் இந்தப் பக்கத்து வீடொன்றில் பையைப் பாயில் கொட்டிப் பார்த்தால் பேச்சு இப்படித்தான் போகும்.

“பாட்டி, இது எதுக்குச் சாப்பிடுறீங்க?”

“அது சுகருக்குத் தாயி. இது பிரஷருக்கு. இந்தா, இது மொழங்கால் வலிக்கு. இதப் போட்டாத்தான் ஒக்காந்து பெட்டி அடைக்க முடியும்.”

“எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?”

“காலைல கஞ்சி. மத்தியானம் வேலை முடியணும்ல.”

கிளினிக்கில் எழுதிய மாத்திரையில் உள்ள இன்னொரு மருந்து கிளிமிபிரைடு. சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும். மயக்கம் மறுபடி வந்தால் அதற்கு ஒரு காரணம் அங்கே இருக்கிறது. அதைவிட முக்கியமான செய்தி, பாட்டியின் முதல் கவலை சுகர் கிடையாது, முழங்கால். அதற்கு மாற்று சொல்லாமல் வலி மாத்திரையை நிறுத்து என்றால் அவர் நிறுத்தப்போவதில்லை. வாசலுக்கு மாத்திரை கொண்டுவரும் அதே திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருகிறார் என்பதை இந்தப் பெண் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இரண்டு இடத்து மெட்பார்மினையும் கூட்டிப் பார்த்து, ஒருநாள் மொத்த அளவை ஒரு தாளில் எழுத வேண்டும். கிரியேட்டினின், ஹீமோகுளோபின், பி12 மூன்றும் பார்க்கச் சொல்ல வேண்டும். வலிக்கு டைக்ளோபினாக்குப் பதில் பாராசிட்டமால் போதுமா என்று பேராசிரியரிடம் கேட்க வேண்டும். அந்தத் தாளை இரண்டு படி எடுத்து, ஒன்றை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் இன்னொன்றைக் கிளினிக் டாக்டருக்கும் என்று பையிலேயே வைத்து, அடுத்த முறை இரண்டு பேரிடமும் மறக்காமல் காட்டச் சொல்லிவிட்டு வர வேண்டும்.