கடுதாசிப்பட்டறை



இறையியல் மேற்படிப்பிற்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் நான் தங்கியிருந்த நாட்களில் நேர்ந்த ஒன்றை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிராங்கே ஐயர் 1698-இல் அடிக்கல் நாட்டிய அநாதை இல்லத்தின் மேல்மாடியில் அரும்பொருட்கூடம் ஒன்று உண்டு. அங்கே நம் தமிழ் ஓலைச்சுவடிகளைக் கண்டு வியந்து நின்றேன். நான் பொறையார்க்காரன் என்றறிந்த முதிய காப்பாளர் ஒருவர், "உங்கள் ஊரில் காகித ஆலை இருந்த இடம் இப்போது எப்படியிருக்கிறது?" என்று ஆவலோடு வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. கடுதாசிப்பட்டறை என்னும் பெயரைச் சிறுவயது முதல் கேட்டிருந்தும், அது ஏன் வந்தது என்று ஒருநாளும் எண்ணியதில்லையே! வெட்கித் தலைகுனிந்தேன்.

அன்று முதல் பாடநூல்களுக்கு நடுவே நம் ஊரின் கதையையும் படிக்கலானேன். 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு ஐயர், 1711-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை முடித்தார். அதை அச்சிட எழுத்துகள் வேண்டுமே! தரங்கம்பாடியிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து, தமிழே அறியாத ஹாலே கைவினைஞர்கள் ஒவ்வோர் எழுத்தாக வெட்டி வார்த்தார்கள். 'ழ'கரத்தின் சுழியை அவர்கள் என்னவென்று எண்ணியிருப்பார்களோ! 1713-இல் அவ்வெழுத்துகள் இங்கு வந்து சேர்ந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை. புதிய ஏற்பாடு முழுவதையும் அவற்றால் அச்சிடக் காகிதம் போதாது.

ஆகவே அட்லர் என்னும் அச்சர் பொறையாரிலேயே வார்ப்புப் பட்டறை அமைத்து, சிறிய எழுத்துகளை வார்த்தார். அதற்கான ஈயம் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? லண்டன் நண்பர்கள் அனுப்பிய பாலாடைக்கட்டியைப் பொதிந்திருந்த ஈயத்தகடுகளிலிருந்து! உண்டபின் எறியவேண்டிய தகடு, நம் மொழியில் நற்செய்தியைத் தாங்கும் எழுத்தாயிற்று. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. காகிதப் பஞ்சம் தீர, பொறையாரில் காகித ஆலையும் எழுந்தது. அது நெடுங்காலம் ஓடவில்லை. பெயர் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

விடுமுறையில் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கடுதாசிப்பட்டறைக்குச் சென்று, தேநீர்க்கடைப் பெரியவரிடம் பெயர்க்காரணம் கேட்டேன்.

"அந்தக் காலத்தில் இங்கே கடுதாசி செய்தார்களாம், தம்பி. எங்கள் தாத்தா சொல்லுவார். உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லையா?" என்றபடியே தேநீரை ஆற்றத் தொடங்கினார்.