கட்டுச்சோறும் கூண்டு வண்டியும்

குடும்பத்தோடு வெளியூர் சென்று கூடாரம் அடித்துத் தங்குவதை ஒரு புதிய பொழுதுபோக்காக இப்போது பேசுகிறோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் சம்சாரிகளுக்கு அது பொழுதுபோக்கு அல்ல, நேர்த்திக்கடன். சித்திரையிலோ ஆடியிலோ வண்டி கட்டி, பெண்டு பிள்ளைகளோடு காரியாபட்டி வழியாக மதுரைக்கும், அதைத் தாண்டி அழகர்கோவிலுக்கும் போய்வந்தவர்கள் அவர்கள். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் (நானும்தான்) பெரும்பாலும் புளிச்சோற்றின் மணத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். அந்தச் சோறு ஏன் கட்டப்பட்டது என்று கேட்பதில்லை.

முதலில் தொலைவு. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரியாபட்டி அதன் நடுவில். மதுரைக்கு வடக்கே இன்னும் 20 கிலோமீட்டர் சென்றால் அழகர்மலை. பாரம் ஏற்றிய மாட்டு வண்டி மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு மேல் நகராது. ஆகவே வழியில் இரண்டு மூன்று தங்கல்கள் தவிர்க்க முடியாதவை. சித்திரைத் திருவிழாவும் ஆடித் திருவிழாவும் பௌர்ணமியை ஒட்டியே வருகின்றன. வளர்பிறை வெளிச்சத்தில் முன்னிரவு முழுவதும் வண்டி ஓட்டலாம்; பகல் வெயிலில் புளியமரத்தடியில் மாடுகளை அவிழ்த்துவிடலாம். வானத்தைப் பார்த்து வகுத்த பயணத்திட்டம் இது.

வண்டியைப் பேணுவது தனிக் கலை. கோடையில் மரம் உலர்ந்து சுருங்கினால் சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்துவிடும். புறப்படுவதற்கு முன் சக்கரங்களை நீரில் ஊறப்போட்டு மரத்தை உப்பவைப்பார்கள். கண்மாய் வறண்ட ஆண்டில் கிணற்று நீரை இறைத்து ஊற்றவேண்டும். குடிநீருக்கே அல்லாடும் ஊரில் அது எளிய செலவல்ல. மாடுகளுக்கு லாடம் அடித்தாக வேண்டும். வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்த வண்டி மையை மூங்கில் குழாயில் அடைத்து எடுத்துக்கொள்வார்கள். கடையாணியும் கயிறும் ஒன்றுக்கு இரண்டாக இருக்கும். கூண்டுக்குள் வைக்கோல் பரப்பி அதன்மேல் சாக்கு. அந்த வைக்கோல் போகும்போது மெத்தை, வழியில் மாட்டுக்குத் தீனி. திரும்பி வரும்போது பலகைதான் மிஞ்சும்.

உணவு இன்னும் நுட்பமானது. கம்பும் சோளமும் வரகும் உண்டு வாழ்ந்த நிலத்தில் நெல்லுச்சோறு விசேஷ நாளுக்கு உரியது. அதைப் புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறி, நன்றாக ஆறவிட்டுத்தான் கட்டுவார்கள். சூட்டோடு கட்டினால் ஆவி நீராகிச் சோறு ஊசிப்போகும். புளியின் அமிலமும் உப்பும் கெடுதலைத் தடுக்கும். எண்ணெய் சோற்றைக் காயாமல் வைக்கும். பனையோலைக் கொட்டான் காற்றோட்டம் தரும். தொட்டுக்கொள்ளத் தண்ணீர் சேர்க்காமல் அரைத்த காணத் துவையல், மிதுக்கு வற்றல். பிள்ளைகளுக்குப் பொரிவிளங்காய் உருண்டை. அதன் கடினம் பற்றிக் கேலி உண்டு, ஆனால் வாரக்கணக்கில் கெடாது. இரண்டாம் நாளுக்குப் பின் மூன்று கல் கூட்டி, பருத்திமார் எரித்துக் காய்ச்சிய கஞ்சிதான். வைகை மணலில் தங்குகிறவர்கள் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்தார்கள். 1959-இல் வைகை அணை வருவதற்கு முந்தைய சித்திரைகளில் ஆறு பெரும்பாலும் மணல்தான்.

ஏன் இவ்வளவு பாடு? மங்கம்மாள் காலம் தொட்டு மதுரைச் சாலைகளில் சத்திரங்களுக்குக் குறைவில்லை. சத்திரம் இருந்தது, எல்லோருக்கும் இடம் இல்லை. எந்தத் தாழ்வாரத்தில் யார் படுக்கலாம், எந்தக் கிணற்றில் யார் வாளி விடலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. இதே வட்டாரத்துக் கமுதியில் 1897-இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ந்தது. மதுரை மீனாட்சி கோவிலின் கதவு நாடார்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் திறக்க 1939 ஜூலை ஆயிற்று. தெய்வத்தின் வாசலிலேயே இந்த நிலை என்றால் சத்திரத்துத் திண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தம் பானை, தம் கயிறு, தம் சோறு என்று சிலர் சுமந்து சென்றது வேறு வழியின்றி. மற்றவர் கைபட்டதை உண்ணக்கூடாது என்பதற்காகச் சுமந்தவர்களும் உண்டு, அதையும் மறைக்கலாகாது. ஒரே மரத்தடியில் எரிந்த அடுப்புகள் ஒரே அடுப்புகள் அல்ல.

அப்பருக்கும் சுந்தரருக்கும் வழியில் பொதிசோறு கொடுக்கச் சிவனே வந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. கரிசல்காட்டு வண்டிக்கு அப்படி யாரும் வந்ததாகக் கதை இல்லை.

விருதுநகர்–மானாமதுரை இருப்புப்பாதை 1963–64-இல் அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் தொட்டது, காரியாபட்டியைத் தொடவில்லை. இங்கே வண்டியின் இடத்தைப் பிடித்தது பேருந்து. கமுதிப் பக்கத்துச் சில ஊரார் இன்றும் ஆடியில் வண்டி கட்டுவதுண்டு. அழகர்கோவிலைப் பற்றி விரிவாக ஆராய்ந்த தொ. பரமசிவன், தம் நூலில் (1989) கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகியோருக்கும் அக்கோவிலுக்கும் உள்ள உறவைத் தனித்தனியே எழுதியிருக்கிறார். அவர்களில் பலருக்கு அங்கே முதல் தெய்வம் உள்ளே இருக்கும் பெருமாள் அல்ல, பதினெட்டாம்படிக் கருப்பன். அவனுக்கு உருவம் இல்லை. ஆடிப் பௌர்ணமியில் சந்தனம் சாத்துவது அடைத்த கோபுரக் கதவுக்கு. வண்டிகள் வந்து அவிழ்வதும் அந்தக் கதவுக்கு வெளியேதான்.