வாசகசாலையிலிருந்து மின்னூலகம் வரை: மலாக்காத் தமிழரின் பொது வாசிப்பு வரலாறு

நூலகத்திற்கு இரண்டு கடமைகள் உண்டு. இன்றைக்கு வேண்டிய செய்தியையும் அறிவையும் மக்களிடம் கொண்டுசேர்ப்பது ஒன்று. நாளைய தலைமுறைக்கு வேண்டியவற்றைச் சேர்த்துப் பேணுவது மற்றொன்று. மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வாழ்ந்த தமிழர், முறையான நூலகம் தம்மை எட்டாத காலத்திலேயே முதற்கடமையைத் தாமே நிறைவேற்றிக்கொண்டனர். இரண்டாம் கடமைக்கு அவர்களிடம் இடமும் இல்லை, பொருளும் இல்லை. அவ்விரண்டின் வரலாற்றையும் இவ்வுரையில் காண்போம். இணையம் வந்துவிட்ட இக்காலத்தில் ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது யாது என்பதையும் அவ்வரலாற்றின் வழியே எண்ணிப் பார்ப்போம்.

துறைமுக நகரில் தமிழ்

மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாக்காவில் பிறந்தவர். தம் வாழ்க்கை வரலாறாகிய 'ஹிக்காயாட் அப்துல்லா'வில், தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அவர் பதிவு செய்துள்ளார். மலாக்காவின் வசதி படைத்த குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது அந்நாளைய வழக்கம். கணக்கு எழுதவும் வணிகரோடு உரையாடவும் அக்கல்வி பயன்பட்டது. தமிழ் அங்கே அங்காடியின் மொழியாக விளங்கியது.

அதே நகரில் மற்றொரு செய்தியும் நம் கவனத்திற்கு உரியது. மலாக்காச் செட்டிச் சமூகத்தார் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் வழிபாட்டில் உள்ளது. கோயிலையும் சடங்குகளையும் விடாது காத்த அச்சமூகம், தலைமுறைகள் செல்லச் செல்ல மலாய் பேசும் சமூகமாயிற்று. வழிபாடு நிலைத்த இடத்திலும் மொழி நிலைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. அன்றாட வாழ்வில் எழுதவும் படிக்கவும் பயன்படும்போதே ஒரு மொழி ஊன்றி நிற்கும்.

தோட்டமும் வாசிப்பும்

1896இல் டான் சே யான் என்பார் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்குடன் தொடங்கிய முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்கள் கங்காணிகளின் வழியாக அங்கு வந்து குடியேறினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளி நடத்தவேண்டும் என்று 1920களின் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. பல தோட்டங்களில் அப்பள்ளி ஓர் அறையும் ஓர் ஆசிரியருமாக இருந்தது. சிலவற்றில் கிராணியோ கங்காணியோ பாடம் சொல்லிக்கொடுத்தார்.

இவ்வாறு எழுத்தறிந்த சிலருக்கும் எழுத்தறியாத பலருக்கும் இடையே பாலமாக அமைந்தது செய்தித்தாள். 1924இல் கோலாலம்பூரில் நரசிம்ம ஐயங்கார் 'தமிழ் நேசன்' இதழைத் தொடங்கினார். 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். தோட்டத்திற்கு வந்த ஒரு படி, ஒருவரோடு நின்றுவிடவில்லை. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, பால்மரம் வெட்டி, பால் நிறுத்துத் திரும்பிய மக்கள், மாலையில் பள்ளித் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ கூடினர். ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். இந்தியாவின் விடுதலைப் போராட்டம், ரப்பர் விலை, சம்பளக் குறைப்பு, கப்பல் வரவு, அண்டைத் தோட்டத்துத் திருவிழா ஆகிய யாவும் ஒரே அமர்வில் காதுக்கு எட்டின. சீர்திருத்தச் சங்கங்களும் கோயில் சபைகளும் நடத்திய படிப்பகங்கள் இப்பழக்கத்திற்கு ஒரு கூரையைத் தந்தன.

இக்கூட்டு வாசிப்பைப் பொது நூலகம் என்று அழைப்பது மிகையாகாது. பயனுள்ள செய்தியைத் தேடிக் கொணர்ந்து, விளக்கிச் சொல்லி, கேட்டவரின் ஐயம் தீர்த்தவர் தோட்ட ஆசிரியர். ஊருக்குக் கடிதம் எழுதித் தந்தவரும் பெரும்பாலும் அவரே.

கேட்டவர்கள் பின்னர் எழுதவும் தொடங்கினர். 1950இல் 'தமிழ் நேசன்' இதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு', செய்தித்தாளையே பள்ளிக்கூடமாக்கிற்று. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபின், அதன் 'சங்கமணி' இதழ் தொழிலாளர் உரிமைகளை எளிய தமிழில் எடுத்துரைத்தது.

பேணப்படாதவை

இவ்வாசிப்புக்குப் பொருள் தந்தவர் யார் என்பதையும் நோக்கவேண்டும். தமிழகத்தில் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சொத்துவரியோடு நூலக வரியும் திரட்டி நூலகங்களை நடத்த அச்சட்டம் வழிகோலிற்று. தோட்டத்துப் படிப்பகத்திற்கு அத்தகைய நிலையான வருவாய் இல்லை. உறுப்பினர் கொடுத்த காசும் நிர்வாகத்தின் மனமுமே அதன் மூலதனம். தோட்டம் கைமாறினால் படிப்பகம் மூடப்படும். ஆசிரியர் மாற்றலாகிச் சென்றால் இதழ் வருவது நிற்கும். படித்த தாள் பலகாரம் மடிக்கவும் சுவரில் ஒட்டவும் பயன்பட்டது.

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தது. அதன் விளைவாகவே 1960இல் துன் வீ.தி. சம்பந்தனின் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பின்னர் ரப்பருக்கு மாற்றாக எண்ணெய்ப்பனை வந்தது. வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்தன. 1957இல் 888ஆக இருந்த நாட்டின் தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. தோட்டப் பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளிகள் சிலவற்றைச் சுற்றி இன்று தோட்டமே இல்லை. பள்ளிப் பதிவேடு, கோயில் கணக்கு, திருவிழா அறிக்கை, சங்கக் கூட்டக் குறிப்பு ஆகியன அம்மக்களின் வரலாற்றுச் சான்றுகள். லயங்கள் இடிக்கப்பட்டபோது அவற்றுள் பல உடன் மறைந்தன. 2019இன் தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நின்றது. அச்சில் வந்த செய்திக்கே இந்நிலை எனில், கைப்பட எழுதிய தாளின் கதியை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பிறர் பேணிய வழி

பேணுதல் இயலாததன்று. சிங்கப்பூரில் 1887இல் தொடங்கிய 'சிங்கை நேசன்' சில ஆண்டுகளே வெளிவந்த வார இதழ். இன்று அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில், 'தமிழ் முரசு' இதழின் பழைய படிகளோடு அதனையும் காணலாம். மலாக்காவைப் பற்றிய பழஞ்செய்தி தேடும் மாணவருக்கு இது அருகிலுள்ள கருவூலம்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவ்விழப்பின் நினைவு மறையாத சமூகத்தில், 2005இல் நூலகம் என்னும் மின்னூலகம் தோன்றியது. அங்கே பெருநூல்களோடு பள்ளி மலர்களும் சிற்றிதழ்களும் துண்டறிக்கைகளும் சேர்க்கப்படுகின்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளிலுள்ள தன்னார்வலர் தட்டச்சு செய்த இலக்கியங்களை விலையின்றி வழங்குகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களைத் தருகிறது. இவற்றுள் எதற்கும் மாணவர் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை.

ஆயினும் இங்கே ஓர் இடைவெளி உண்டு. பழைய படிப்பகம் பகிர்ந்தது, பேணவில்லை. புதிய மின்னூலகம் பேணுகிறது. ஆனால் ஜாசினிலுள்ள ஒரு மாணவருக்கு அது இருப்பதையே எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். முன்பு செய்தித்தாளை வாசித்துக் காட்டிய ஆசிரியரின் இடம் இன்று வெறுமையாக இருக்கிறது.

நம் முன்னுள்ள பணி

மலேசியாவில் தேசிய நூலகச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. மலாக்காவில் மாநிலப் பொது நூலகக் கழகம் இயங்குகிறது. ஊர்ப்புற நூலகங்களும் உள்ளன. 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் அச்சு வெளியீட்டின் ஐந்து படிகள் தேசிய நூலகத்திற்கு அளிக்கப்படவேண்டும். இச்சட்டம் பெரும் பதிப்பகங்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் உளர். பள்ளியின் ஆண்டுமலரும் கோயிலின் குடமுழுக்கு மலரும் வெளியீடுகளே. அவற்றை ஒப்படைத்தால் கரையான் தீண்டாத ஓரிடத்தில் நம் ஊரின் வரலாறு இருக்கும்.

ஆகவே மூன்று பணிகளை ஆசிரியர், மாணவர் முன் வைக்கிறோம். முதலாவது, பள்ளி நூலகத்தில் திங்கள்தோறும் ஒரு பக்கச் செய்தி மடல் வெளியிடுதல். அதில் பயனுள்ள இணைய வளங்கள் இரண்டு மூன்றை, அவற்றில் என்ன கிடைக்கும், எவ்வகுப்பினருக்குப் பொருந்தும் என்னும் குறிப்போடு தரலாம். வட்டாரத்தின் பிறப்பு, மறைவு, விழா, உதவித்தொகை அறிவிப்பு ஆகியவற்றையும் சேர்க்கலாம். இரண்டாவது, அம்மடல்களைப் புலனக் குழுவில் பகிர்வதோடு அமையாது, நாளிட்டு, அச்சிட்டுக் கோப்பில் வைத்தல். திறன்பேசி மாறினால் புலனச் செய்தி மறையும்; கோப்பு நிற்கும். மூன்றாவது, முதியோரிடமுள்ள படங்களையும் தாள்களையும் அவர்கள் இசைவுடன் படியெடுத்தல். எவ்விடம், எந்நாள், படத்திலிருப்போர் யார், யாரிடமிருந்து பெற்றது என்னும் நான்கு குறிப்புகளும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். குறிப்பில்லாத படம் ஒரு தலைமுறைக்குப் பின் எவருடைய படமும் அன்று. பிறர் நூல்களை இணையத்தில் ஏற்றுவதாயின், மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 50 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறை இன்று எழுபது, எண்பது வயதை எட்டியுள்ளது. பெரட்டுக் களம் எங்கிருந்தது, படிப்பகத்தை யார் நடத்தினார், மாலையில் செய்தித்தாளை யார் வாசித்தார் என்னும் வினாக்களுக்கு விடை அவர்களிடம் இருக்கிறது. அவ்வினாக்களைக் கேட்டு எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் ஒரு மாணவரும் போதும். அப்பணியை இவ்வாண்டே தொடங்குவது நலம்.