தாவீதின் பெயரால் ஒரு நரம்பிசைப் போட்டி



பியானோவுக்கும் வயலினுக்கும் உலகப் போட்டிகள் நெடுநாளாக உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் ஹார்ப் எனப்படுவதும் நம்மவர் யாழ் என்று மொழிபெயர்ப்பதுமான கருவிக்கெனத் தனியாக ஒரு சர்வதேசப் போட்டி முதன்முதல் நடந்தது 1959 ஆம் ஆண்டில், இஸ்ரேல் நாட்டிலேதான். 2019 இல் அதற்கு அறுபது ஆண்டு நிறைந்தது. மனிதருக்கு என்றால் மணிவிழா என்போம். அந்த மணிவிழாவின் வரலாற்றில் தமிழர் எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இன்றைய என் பேச்சு அதைப் பற்றியதே.

போட்டியைத் தொடக்கியவர் ஆரன் ஸ்வி புரோப்ஸ். இளமையில் லத்வியாவின் றீகா நகரில் யூத இளைஞர் இயக்கமொன்றை முன்னின்று நடத்தியவர். பின்னாளில் அரசியலை விட்டுக் கலைவிழாக்களின் பக்கம் திரும்பினார். பாடகர் குழுக்களின் ஒன்றுகூடலாகிய ஸிம்ரியா 1952 இல் தொடங்கியதும், இஸ்ரேல் விழா 1961 இல் தொடங்கியதும் அவர் முயற்சியினாலேயே. இவ்விரண்டுக்கும் இடையே பிறந்தது ஹார்ப் போட்டி.

எத்தனையோ கருவிகள் இருக்க, ஏன் ஹார்ப்பைத் தெரிந்தார்கள்? விடை விவிலியத்தில் இருக்கிறது. சவுல் மன்னனின் மனநோயை நரம்பிசையால் தணித்தவன் தாவீது. அவன் மீட்டியது கின்னோர். அரசு அமைந்து பதினொரு ஆண்டே ஆன ஒரு நாடு, மூவாயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்தப் பெயரைத் தன் மேடையில் ஏற்றியது. 'இந்த மண்ணில் எங்கள் இசை பழையது' என்று உலகுக்குச் சொல்லும் விருப்பம் அதில் இருந்தது. அந்த அரசு அமைந்த 1948 ஆம் ஆண்டோ, அதே மண்ணில் வாழ்ந்த பலஸ்தீனியர் பல இலட்சம் பேருக்கு ஊரும் வீடும் இழந்த ஆண்டு. பழம்பெருமையின் சின்னம் எதுவும் வெறும் அழகுப்பொருள் அன்று. அது உரிமைக்குச் சாட்சியாகவும் நிறுத்தப்படும் என்பதை மறந்துவிட்டு இத்தகைய விழாக்களின் வரலாற்றைச் சொல்வது முறையாகாது.

இனி, அந்தச் சாட்சியை ஆராய்ந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தாவீதின் கின்னோர் ஹார்ப் அன்று. இரு கைகளும் குறுக்குச் சட்டமும் கொண்ட லயர் என்னும் வகையைச் சேர்ந்தது என்பதே ஆய்வாளர் முடிபு. கி.பி. 132 முதல் 135 வரை உரோமருக்கு எதிராக நடந்த பார் கொக்பா கிளர்ச்சியின்போது அடிக்கப்பட்ட நாணயங்களில் அவ்வகைக் கருவியின் உருவத்தை இன்றும் காணலாம். இக்கால எபிரேய மொழியிலோ கின்னோர் என்றால் வயலின்! ஹார்ப்புக்கு நேவெல் என்ற வேறொரு பழஞ்சொல் வழங்குகிறது. நம்முடைய பழைய தமிழ் விவிலியம் தாவீதின் கையில் கொடுத்தது சுரமண்டலத்தை. பெயர் ஒன்று, கருவி வேறு என்று காலந்தோறும் மாறி வந்திருப்பது எபிரேயருக்கு மட்டும் உரிய கதை அன்று.

போட்டி மேடையில் ஒலிக்கும் ஹார்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிள்ளை. செபஸ்தியன் எராட் என்ற கைவினைஞர் 1810 இல் இலண்டனில் காப்புரிமை பெற்ற பொறியமைப்பே அதன் உயிர். நாற்பத்தேழு நரம்புகள், காலால் இயக்கும் ஏழு மிதிகள். ஒவ்வொரு மிதிக்கும் மூன்று நிலைகள் உண்டு. ஒரு மிதியை ஒரு படி அழுத்தினால் அந்தச் சுரத்துக்குரிய நரம்புகள் அனைத்தும் அரைச் சுரம் ஏறும். கேட்போர் காதில் தேனாக விழும் இசைக்குப் பின்னால், வாசிப்பவரின் இரு பாதங்களும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கும். சுண்டுவிரல்கள் மட்டுமே ஓய்வில் இருப்பவை. அவற்றை இக்கருவியில் பயன்படுத்துவதில்லை.

ஆகவே இப்போட்டி பழைய கின்னோரை உயிர்ப்பிக்கவில்லை. அது செய்த பணி வேறு. முதற் போட்டியில் முதற்பரிசு பெற்றவர் சுசானா மில்டோனியன். ஆர்மீனிய வழித்தோன்றல், இத்தாலியின் வெனிஸ் நகரிற் பிறந்து, பின்னர் பெல்ஜியம் நாட்டவரானவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. 1982 இல் அவுஸ்திரேலியாவின் அலிஸ் ஜைல்ஸ் வென்றார். 1992 இல் வென்ற பிரெஞ்சுக் கலைஞர் மரி பியர் லாங்லாமே அடுத்த ஆண்டே பேர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவில் இடம்பெற்றார். நடத்தும் நாட்டைச் சேர்ந்த ஒருவர் முதற்பரிசு பெற்றது 2006 இல், சிவான் மாகன் மூலமாக. 1959 இலிருந்து எண்ணினால் நாற்பத்தேழு ஆண்டுகள்! ஹார்ப்பின் நரம்புக்கு ஓர் ஆண்டு வீதம் அந்நாட்டார் காத்திருந்தார்கள் எனலாம். சொந்தப் பெருமைக்காகத் தொடங்கிய போட்டியில், சொந்தப் பிள்ளைக்கெனத் தராசு சரிக்கப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மற்றொரு பணி புதுப்பாடல் ஆக்கம். போட்டியாளர் அந்நாட்டு இசையமைப்பாளரின் ஆக்கங்களையும் வாசிக்க வேண்டியிருந்தது. அதனால் போல் பென்ஹாயிம், சேர்ஜியூ நாத்ரா, அமி மாயானி முதலியோர் ஹார்ப்புக்கென எழுதியவை பிறநாட்டு இளைஞரின் விரல்களுக்கும் பழகின. ஒரு கருவி வாழ்வதும் மறைவதும் இத்தகைய ஆக்கங்களாலேயே தீர்மானமாகின்றன. பாரிஸ் நகரின் பிளேயல் நிறுவனம் மிதிகளே இல்லாத ஹார்ப் ஒன்றைச் செய்தது. அதற்கென டெபுஸி 1904 இல் நடன இசை எழுதினார். போட்டி நிறுவனமான எராட் சும்மா இருக்கவில்லை. மிதி ஹார்ப்பின் வல்லமையைக் காட்ட 1905 இல் ராவேலைக் கொண்டு எழுதுவித்தது. இன்று பிளேயலின் கருவி பெரும்பாலும் காட்சிச்சாலைக்குப் போய்விட்டது. அதற்கென எழுதிய டெபுஸியின் இசையையும் மிதி ஹார்ப்பிலேயே வாசிக்கிறார்கள். வாசிக்கும் கைகள் எங்கே திரண்டனவோ அங்கே கருவி நிலைத்தது.

இனி நம் யாழுக்கு வருவோம். யாழ்பாடி ஒருவன் பரிசிலாகப் பெற்ற மணல்நிலம் யாழ்ப்பாணம் ஆயிற்று என்பது செவிவழிக் கதை. கலிலேயக் கடலுக்குக் கின்னரேத் என்ற பெயர் கின்னோரின் வடிவத்தால் வந்தது என்று அங்கும் சொல்வார்கள். ஆனால் சிலப்பதிகார அரங்கேற்று காதையை நடத்தும்போது, "சேர், யாழ் எப்படி இருக்கும்? என்ன மாதிரிச் சத்தம் கேட்கும்?" என்று மாணவர் என்னிடம் கேட்பதுண்டு. முதற் கேள்விக்குப் படம் வரைந்து காட்டலாம். இரண்டாவதற்குக் கரும்பலகை உதவாது. வில்போல் வளைந்த கோடும், தோல் போர்த்த பத்தரும் உடையது நம் யாழ். பேரியாழுக்கு 21 நரம்பு, செங்கோட்டியாழுக்கு 7 நரம்பு என நூல்கள் பேசும். ஆயினும் பாணர் கையில் தவழ்ந்த யாழ் ஒன்றேனும் எஞ்சவில்லை. அதே வில்யாழ் இனத்தைச் சேர்ந்த சவுங் என்னும் கருவி மியன்மாரில் இன்றும் வாசிக்கப்படுகிறது. அங்கே குருவின் கையிலிருந்து மாணவன் கைக்கு அது இடையறாது வந்தது.

காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர் இந்த இழப்பை உணர்ந்தவர். இலக்கியத்தையும் கணிதத்தையும் துணைக்கொண்டு பல்லாண்டு உழைத்தார். அவருடைய யாழ்நூல் 1947 ஜூன் மாதம் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆந் திகதி அவர் மறைந்தார். நூல் நம்மிடம் இருக்கிறது. அதை நாதமாக்கும் பணி நம்மிடம் விடப்பட்டது. அண்மைக் காலத்தில் சென்னையில் இளங்கலைஞர் யாழை மீளச் செய்து வாசிக்க முயல்வது நம்பிக்கை தரும் செய்தி.

ஒரு போட்டி உலகிற் பிற போட்டிகளுக்கும் வழிகாட்டலாம். அமெரிக்காவின் புளூமிங்டன் நகரில் சூசன் மக்டொனால்ட் 1989 இல் தொடங்கிய ஹார்ப் போட்டியும் மூன்றாண்டுக்கொருமுறை நடப்பதே. இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? பழம்பெருமை கதவை அடைக்கவும் செய்யும், திறக்கவும் செய்யும். கின்னோரின் பெயரை மட்டும் போற்றிக்கொண்டு இருந்திருந்தால், அது நாணயத்தில் பதிந்த உருவமாகவே நின்றிருக்கும். புதிய கருவியை ஏற்று, பிறநாட்டுப் பிள்ளைகளை அழைத்து, புதிய இசை எழுதுவித்து, வென்றவர் எவராயினும் பரிசை அவர் கையில் கொடுத்தபோதுதான் அந்தப் பெயருக்கு ஒலி பிறந்தது.

நாமும் இலச்சினைகளிலும் விழா மலர்களிலும் யாழை வரைகிறோம். நல்லதே. ஆனால் நம் பிள்ளைகளில் பத்துப்பேர் அதை மடியில் வைத்து மீட்டக் கற்கும் நாளில்தான் யாழ்ப்பாணம் என்ற பெயரைப் பொருளோடு சொன்னவர்கள் ஆவோம்.