விண்டோஸ் 10: மாறுவதா, வேண்டாமா?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அன்றிலிருந்து என் வயது நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "கம்ப்யூட்டர் நின்னு போயிடுமா சார்?" நிற்காது. அடுத்த வருடமும் ஓடும். புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைக்க ஆள் வரமாட்டார், அவ்வளவே. ஆனால் ஓய்வூதியக் கணக்கை அதில்தான் பார்க்கிறோம் என்றால், ஓட்டை சின்ன விஷயமில்லை.

இந்தக் கதை நமக்குப் புதிதல்ல. 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8 வரை பன்னிரண்டரை ஆண்டு உழைத்தது. நடுவில் 2007 ஜனவரியில் விஸ்டா கடைக்கு வந்தது. அப்போது பிரான்சில் ழாந்தார்மெரி எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. (ழாந்தார்ம் யாரென்று புதுச்சேரிப் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) விஸ்டாவுக்குப் போனாலும் ஆட்களுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும், அந்தச் சிரமத்தை உரிமக் கட்டணம் இல்லாத உபுண்டு லினக்ஸுக்காகப் படலாமே என்று கணக்குப் போட்டார்கள். 2008-இல் அறிவித்தார்கள். சுமார் 70,000 கணினிகள்!

நான் கவனித்தது அவர்கள் போன வரிசையை. 2005-இல் ஓப்பன் ஆபீஸ், 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ், அதற்குப் பிறகுதான் அடித்தளம். ஆகவே கீழே விண்டோஸ் போய் லினக்ஸ் வந்தபோதும், அறிக்கை தட்டும் ழாந்தார்முக்குத் தினமும் பார்த்த அதே திரைதான். குமாஸ்தாவின் சங்கடம் தெரிந்தவர் யாரோ அங்கே இருந்திருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நடந்தது வேறு. ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் மேசையில் புதுப் பெட்டி. பழைய தமிழ்க் கோப்புகள் எல்லாம் கிறுக்கலாகத் திறந்தன. எழுத்துரு பழைய பெட்டியோடு போய்விட்டது. யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும் எங்கள் மேசைக்கு வரப் பத்து வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு எழுத்துருவும் தனி பாஷை.

சரி, மாறாமலே இருந்துவிட்டால்? 2017 மே 12, வெள்ளிக்கிழமை, 'வான்னாக்ரை' என்ற நச்சுநிரல் பரவியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் தடுமாறின. பிரான்சில் ரெனோ கார் கம்பெனி சில ஆலைகளை நிறுத்தியது. பழைய எக்ஸ்பிதான் காரணம் என்று பலரும் பேசினார்கள். உண்மையில் பெரும்பாலும் மாட்டியது விண்டோஸ் 7. அதற்கான ஒட்டு மார்ச் மாதமே வந்திருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டினார்கள். பெயரை மாற்றுவது வேறு, ஒட்டுப் போடுவது வேறு என்று அன்று புரிந்துகொண்டேன்.

என் கணினி 2016-இல் வாங்கியது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அதில் இல்லை. செயலியும் அவர்கள் பட்டியலில் இல்லை. நன்றாக ஓடும் பெட்டியைக் குப்பையில் போட மனம் வரவில்லை. விண்டோஸ் 10-க்கு 2026 அக்டோபர் 13 வரை ஒரு வருட நீட்டிப்பு உண்டு. பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு, மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் போதும், இலவசம். நமக்கோ கணினியின் அமைப்புகளை அவர்கள் கிடங்கில் காப்புப்படி எடுத்து வைத்தால் இலவசம், இல்லையேல் கட்டணம். ஐரோப்பியச் சட்டத்தின் கை நீளம்!

நான் அந்த ஒரு வருடத்தை வாங்கிக்கொண்டேன். அதற்குள் ழாந்தார்ம் வரிசைப்படி லிப்ரெ ஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டுக்கும் கை பழகியாக வேண்டும். பிறகு இதே பெட்டியில் லினக்ஸ். அதற்கு முன் பழைய எழுத்துருவில் கிடக்கும் என் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இருநூற்றுச் சொச்சம் கோப்புகள். நேற்று வரை நாற்பது முடித்திருக்கிறேன்.