இமையை அளப்பவர்கள்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் விரைவுச்சாலையில் வடக்கே போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசை. 2001இல் கன்டெய்னர் முனையம் தனியார் கைக்குப் போனது. 2009இல் இரண்டாவது முனையமும் வந்தது. பெட்டிகள் பெருகின, சாலை பெருகவில்லை. துறைமுகத்தை மதுரவாயலோடு இணைக்கும் உயர்மட்டச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012இல் வேலை நின்றது. 2022இல் மறுபடியும் அடிக்கல். நடுவில் வளர்ந்தது வரிசைதான்.

அந்த வரிசையில் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துத் தூங்கும் டிரைவரைப் பார்த்தால் எனக்கு ஒரு சந்தை ஞாபகம் வரும். கால் நூற்றாண்டாகச் சில கம்பெனிகள் போட்டி போடுவது அவருடைய இமைக்காகத்தான்.

1990களில் அமெரிக்க ஆய்வாளர்கள் தூக்கக் கலக்கத்துக்கு ஒரு எண் கண்டுபிடித்தார்கள்: பெர்க்ளோஸ். குறிப்பிட்ட நேரத்தில் கண் 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்த பங்கு எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கு. எண் கிடைத்துவிட்டால் அதை அளக்கும் கருவியை விற்கலாம் இல்லையா? 1999இல் சுவீடனின் கோதன்பர்க்கில் ஸ்மார்ட் ஐ தொடங்கியது. 2000இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து கான்பராவில் சீயிங் மெஷின்ஸ் பிறந்தது. இரண்டும் செய்வது ஏறக்குறைய ஒன்றே: அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சி, கேமராவில் இமையையும் பார்வையின் திசையையும் படிப்பது. இருட்டானாலும் வேலை செய்யும்.

ஆனால் காசு வந்த வழிகள் வேறு. 2006இல் டொயோட்டா தன் லெக்சஸ் காரில் டிரைவரைப் பார்க்கும் கேமராவை வைத்தபோது அது பணக்காரர்களின் கூடுதல் வசதி. சீயிங் மெஷின்ஸ் சுரங்கத்துக்குப் போனது. ராட்சத லாரி ஒன்று கவிழ்ந்தால் எவ்வளவு நஷ்டம் என்று முதலாளிக்குத் தெரியும். 2013இல் கேட்டர்பில்லர் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. 2017இல் காடிலாக் காரில் கையை எடுத்துவிட்டு ஓட்டும் வசதி வந்தபோது, கண் சாலையில்தான் இருக்கிறதா என்று பார்த்ததும் அவர்களுடைய தொழில்நுட்பம்தான். ஸ்மார்ட் ஐ, கார் கம்பெனிகளின் மாடல் மாடலாக ஆர்டர் பிடித்தது. 2021இல் முகபாவம் படிக்கும் அஃபெக்டிவாவையும் வாங்கிப்போட்டது.

கடைசியில் சந்தையை உறுதிசெய்தது சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு விதிமுறைப்படி, தூக்க எச்சரிக்கை 2022 ஜூலையில் புது மாடல்களுக்கும், 2024 ஜூலையில் எல்லாப் புது வண்டிகளுக்கும் கட்டாயம். இந்தியாவில் 2025 மார்ச்சில் பஸ், லாரிகளுக்கு இதே மாதிரி ஒரு வரைவு வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட் செய்யும் வகை வண்டிகளைத்தான் அது குறிவைக்கிறது.

சரி, ஒரு சின்ன விவரம் பாருங்க. ஐரோப்பிய விதியில் தூக்க எச்சரிக்கை தானாக இயங்கத் தொடங்குவது 70 கி.மீ. வேகத்துக்கு மேல். ஜீரோ கேட் வரிசையில் வேகம் பூஜ்யம். அங்கே இரவெல்லாம் அரைத்தூக்கத்தில் வண்டியை அடி அடியாக நகர்த்தியவர், பெட்டியை மாற்றிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்த பிறகுதான் கருவி விழித்துக்கொள்கிறது. களைப்பு எங்கே உண்டானது என்று அதற்குத் தெரியாது.

இந்தக் குருட்டுப் புள்ளி கருவிக்கு மட்டும் இல்லை. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று வரம்பு வைத்தது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் அதையே டிரைவர்களின் வேலை நேரமாக ஏற்றது. 1961 சட்டம் முனையங்களில் சும்மா காத்திருப்பதைக்கூட யோசித்திருக்கிறது. ஆனால் குறிப்பிட்ட அளவுக்குக் குறைவான காத்திருப்பை மட்டும்தான் வேலை நேரத்தில் சேர்த்தது. அளவைத் தாண்டினால் அது வேலை இல்லை, ஓய்வு மாதிரி. வண்டியை விட்டு நகர முடியாத ஓய்வு!

கோட் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கருவிகள் மேல் கோபம் கிடையாது. தூங்கிய கண்ணைப் பார்த்து ஒருமுறை சத்தம் போட்டால்கூட ஒரு உயிர் பிழைக்கலாம். என் கேள்வி வாங்குகிறவரைப் பற்றியது. காரில் கார் கம்பெனி வாங்குகிறது, லாரியில் முதலாளி வாங்குகிறார். போட்டியெல்லாம் அவர்கள் கேட்பதைக் கொடுக்கத்தான்: குறைந்த விலை, குறைந்த பொய் எச்சரிக்கை, டிரைவரைப் பற்றிய ரிப்போர்ட். டிரைவர் இந்தச் சந்தையில் வாடிக்கையாளர் இல்லை, சரக்கு.

இத்தனைக்கும் அதே டாஷ்போர்டில் ஜிபிஎஸ்ஸும் கடிகாரமும் இருக்கு. வண்டி எந்த கேட்டில் எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுதிவைப்பது இமையைப் படிப்பதைவிட ஆயிரம் மடங்கு சுலபம். அந்தப் பதிவின் ஒரு நகல் டிரைவர் கையிலும் இருந்தால், விபத்துக்குப் பிறகு "தூங்கிட்டான்" என்று ஒரே வார்த்தையில் வழக்கை முடிக்க முடியாது. அதற்கு முந்தின 14 மணி நேரமும் சாட்சி சொல்ல வரும்.

அந்த நகலைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தால், அதைக் கொடுக்கவும் கம்பெனிகள் போட்டி போடும்.